முதல் அச்சு தீர்ந்துவிட்டது, அப்படியே மறுபடி அச்சிடலாமா?

வாசகர் கேள்வி பதில்

நிரலாக்க நூல்கள் குறித்து எழுத்தாளர்கள், சிறு பதிப்பாளர்கள், வடிவமைப்பாளர்கள், படிப்பவர்கள் என்று பல தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே கட்டத்தைச் சுற்றியே இருப்பதால் இந்த முறை அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். முதல் அச்சு தீர்ந்து, அடுத்த அச்சு இன்னும் தொடங்காத அந்தச் சில வாரங்கள்தான் அந்தக் கட்டம்.

கேள்வி: நான் எழுதிய பைத்தான் நிரல்மொழி அறிமுக நூல் 1,000 பிரதிகள் அச்சானது. நான்கு மாதத்தில் கிடங்கு காலி. பதிப்பாளர் மகிழ்ச்சியில் இருக்கிறார். அதே கோப்பை அச்சகத்துக்கு அனுப்பி இன்னும் 1,000 போட்டுவிடலாம் என்கிறார். சம்மதிக்கலாமா?

வாழ்த்துகள். ஆனால் சம்மதிக்கும் முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, கிடங்கு காலியானதா, புத்தகம் விற்றதா? இரண்டும் வேறு வேறு. கடைக்குப் போன பிரதி இன்னும் வாசகர் கைக்குப் போகாமல் அலமாரியிலேயே இருக்கலாம். விற்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்ற ஏற்பாட்டில் கொடுத்திருந்தால் அது திரும்பியும் வரும். கணக்கை இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: கடைகளுக்கு எத்தனை, நேரடி விற்பனை எத்தனை, கல்லூரி போன்ற மொத்த ஆர்டர் எத்தனை, மதிப்புரைக்கும் உங்களுக்குமாக இலவசமாகப் போனது எத்தனை.

எடுத்துக்காட்டாக, கடைகளுக்கு 620, நேரடியாக 230, மொத்த ஆர்டர் 100, இலவசம் 50 என்று வைத்துக்கொள்வோம். கடைகளில் விசாரித்தால் 250 இன்னும் விற்காமல் இருக்கிறது என்று தெரியவருகிறது. அப்படியானால் வாசகரிடம் போய்ச் சேர்ந்தவை 370, 230, 100 சேர்ந்து 700 தான். அதிலும் மொத்த ஆர்டர் ஒருமுறை வந்தது, அடுத்த மாதமும் வரும் என்று எண்ணக்கூடாது. மிச்சம் 600. வெளியான முதல் நான்கு வாரத்தில் மட்டும் 300 போயிருக்கும். தெரிந்தவர்கள், காத்திருந்தவர்கள், அறிமுக விழாவில் வாங்கியவர்கள் எல்லோரும் அந்த 300க்குள் அடக்கம். எனவே சராசரியைப் பார்க்காதீர்கள், கடைசி நான்கு வாரத்து விற்பனையை மட்டும் பாருங்கள். அது வாரத்துக்கு 15 என்றால், அலமாரிகளில் உள்ள 250 ஏறக்குறைய 16 வாரத்துக்குப் போதும். பதறி அச்சிட வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அதே கோப்பு என்பதற்குத் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். முதல் அச்சை 700 பேர் கணினி முன்னால் வைத்துத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். எந்த மெய்ப்புத் திருத்துநரும் கண்டுபிடிக்க முடியாத பிழைகளை அவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள். கதை நூலில் ஒரு எழுத்துப் பிழையை வாசகர் தாண்டிப் போய்விடுவார். நிரலில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனால் அந்த இடத்திலேயே ஒரு மாலைப்பொழுதை இழப்பார். திருத்தாமல் மறுபடி அச்சிடுவது, தெரிந்தே இன்னொரு 1,000 பேரை அதே குழியில் தள்ளுவது.

கேள்வி: சிறு பதிப்பகம் நடத்துகிறோம். மறுஅச்சுக்கு எத்தனை பிரதி, எப்போது ஆர்டர் கொடுப்பது, ஆஃப்செட்டா (பிளேட் செய்து மொத்தமாக அச்சிடுவது), பிஓடியா (தேவைப்படும் சில பிரதிகளை மட்டும் அவ்வப்போது அச்சிடுவது)?

எப்போது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. திருத்தங்களைச் சேர்க்க 3 வாரம், அச்சும் பைண்டிங்கும் 4 வாரம், வண்டியில் வந்து சேர 1 வாரம். ஆக 8 வாரம். வாரம் 15 விற்றால் அந்தக் காலத்துக்கு 120 பிரதி தேவை. எதிர்பாராத ஆர்டருக்கும் அச்சகத் தாமதத்துக்கும் அதில் பாதியை, அதாவது 60ஐக் கூட்டுங்கள். கையிருப்பு 180ஐத் தொடும்போதே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். பலர் கிடங்கு சுத்தமாகக் காலியான பிறகுதான் திருத்தப் பட்டியலைத் தேடத் தொடங்குகிறார்கள். அப்போது நேரம் இருக்காது, திருத்தம்தான் முதலில் பலியாகும்.

எத்தனை என்பதற்கு, இந்த நூல் இன்னும் எத்தனை மாதம் காலாவதியாகாமல் இருக்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 18 மாதம், அதாவது 78 வாரம் என்று வைப்போம். வாரம் 15 என்பது போகப்போகக் குறையும், சராசரி 10 என்றால் 780. முந்தைய பதிலில் பார்த்தது போல் கடைகளில் 250 தேங்கியிருந்தால், அதைக் கழித்தால் ஏறக்குறைய 500. முதல்முறை 1,000 போட்டோம் என்பதற்காக இரண்டாம் முறையும் 1,000 போட வேண்டியதில்லை. வரலாற்று நூல் மூட்டையாகக் கிடந்தாலும் பத்து ஆண்டு கழித்து விற்கும். பழைய பதிப்பு மென்பொருளைப் பற்றிய நூலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஆஃப்செட்டில் பிளேட், இயந்திரத்தைத் தயார் செய்வது, அதில் வீணாகும் தாள் எல்லாம் ஒரு பிரதி போட்டாலும் ஆயிரம் போட்டாலும் அதே செலவு. பிஓடியில் அந்த முன்செலவு கிடையாது, ஆனால் ஒவ்வொரு பிரதிக்கும் கூடுதல் விலை. பிஓடி பிரதி ஒன்றின் செலவை 100 அலகு என்று வையுங்கள். ஆஃப்செட்டில் முன்செலவு 24,000 அலகு, அதற்கு மேல் பிரதிக்கு 40 அலகு என்று அச்சகம் சொல்கிறது. 24,000ஐ இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 60ஆல் வகுத்தால் 400. அதற்குக் கீழே என்றால் பிஓடி லாபம், மேலே என்றால் ஆஃப்செட். உங்கள் அச்சகம் தரும் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கிடங்கு காலியாகிவிட்டது, திருத்தம் முடியவில்லை என்றால் நடுவில் 50 பிரதி பிஓடியில் எடுத்துச் சமாளிக்கலாம். ஆஃப்செட் அச்சகம் கேட்ட எண்ணிக்கையை அப்படியே தராது, 5 முதல் 10 சதவீதம் வரை கூடவோ குறையவோ வரும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கூடுதலாக வந்ததற்கும் பில் வரும்.

கேள்வி: "இரண்டாம் பதிப்பு" என்று அட்டையில் போட்டால் விற்பனை கூடும் என்கிறார்கள். நாலைந்து பிழைகளை மட்டும்தான் திருத்தியிருக்கிறோம். போடலாமா?

கூடாது. அது இரண்டாம் அச்சு, இரண்டாம் பதிப்பு அல்ல. எழுத்துப் பிழை, நிரல்வரித் திருத்தம், புது அட்டை, புது விலை ஆகிய எதற்கும் புதிய ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) தேவையில்லை, பழைய எண்ணே தொடரும். அத்தியாயம் சேர்த்து அல்லது நீக்கி, உள்ளடக்கத்தைக் கணிசமாக மாற்றினால் அது புதிய பதிப்பு, அதற்குப் புதிய எண் வேண்டும். சாதா அட்டையிலிருந்து கெட்டி அட்டைக்கு மாறினாலும், மின்னூலாக வந்தாலும் அந்தந்த வடிவத்துக்குத் தனி எண்.

டென்னிஸ் ரிச்சியும் பிரையன் கெர்னிகனும் எழுதிய சி மொழி நூலின் முதல் பதிப்பு 1978இல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1988இல்தான். அதற்குள் சி மொழிக்கே ஒரு தர வரையறை உருவாகிக்கொண்டிருந்தது, நூல் அதற்கேற்ப மாற்றி எழுதப்பட்டது. பதிப்பு எண் மாறுவதற்கு அதுதான் சரியான காரணம். இடையில் நடந்தவை மறுஅச்சுகள்.

உரிமைப் பக்கத்தில் "முதல் பதிப்பு, இரண்டாம் அச்சு, திருத்தங்களுடன்" என்று மாதமும் ஆண்டும் சேர்த்து அச்சிடுங்கள். சில பதிப்பகங்கள் 10 9 8 7 6 5 4 3 2 1 என்று ஒரு எண்வரிசை போடும், அதில் மிஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்தான் அது எத்தனையாவது அச்சு என்பதைக் காட்டும். எந்த முறையானாலும் சரி. பிழை தெரிவிக்கும் வாசகர் தன் கையில் இருப்பது எந்த அச்சு என்று சொல்ல முடிய வேண்டும்.

கேள்வி: என் நூலில் உள்ள நிரல்கள் எல்லாம் என் கணினியில் சரியாக ஓடுகின்றன. வாசகர்கள் மட்டும் ஓடவில்லை என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். காரணம் என்ன?

உங்கள் கணினியில் ஓடுவது உங்கள் கோப்பு. வாசகர் பார்ப்பது அச்சான பக்கம். இரண்டுக்கும் நடுவில் சொற்செயலியும் லேஅவுட் மென்பொருளும் இருக்கின்றன. அவை கதைக்கும் கட்டுரைக்கும் நல்லது செய்யப் பிறந்தவை, நிரலுக்கு அதே நல்லதுதான் வினை. வழக்கமாக நடப்பவை இவை.

நேரான மேற்கோள்குறி வளைந்த மேற்கோள்குறியாக மாறிவிடும். கண்ணுக்கு அழகு, ஆனால் பைத்தான் அதைச் செல்லாத எழுத்து என்று தள்ளிவிடும். அச்சு நூலைப் பார்த்துத் தட்டுபவர் தப்பிப்பார், மின்னூலில் நகலெடுப்பவர் மாட்டிக்கொள்வார்.

முனையத்தில் கொடுக்கும் கட்டளைகளில் அடுத்தடுத்து வரும் இரண்டு சிறுகோடுகள் ஒரே நீளக் கோடாகச் சேர்ந்துவிடும். வாசகர் ஒரு கோடு போடுவார், கட்டளை வேறு பொருள் கொள்ளும். இதே போல இரண்டு அடிக்கோடுகள் அச்சில் ஒட்டிக்கொண்டு ஒன்று போலத் தெரியும். பைத்தானில் இனிட் (__init__) என்ற சொல்லின் இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு வர வேண்டும். வாசகர் ஒவ்வொன்று போட்டால் வகுப்பை எழுதும்போது பிழை எதுவும் வராது. பொருளை உருவாக்கும் இடத்தில்தான் "இந்த வகுப்பு மதிப்புருக்களை ஏற்காது" என்ற பொருளில் ஒரு செய்தி வரும். பிழை ஓரிடத்தில், புகார் இன்னோரிடத்தில். புதியவருக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. இரண்டு அடிக்கோடு முதன்முதலில் வரும் பக்கத்திலேயே "இங்கே இருபுறமும் இரண்டிரண்டு" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

எஃப், ஐ இரண்டு எழுத்தும் ஒட்டி ஒரே உருவாவது பழைய அச்சு மரபு. நிரலில் அது வந்தால் நகலெடுக்கும்போது அந்த இடத்தில் வேறு குறியோ வெற்றிடமோ வரும். நிரலாளர்கள் விரும்பும் சில எழுத்துருக்கள் வியப்புக்குறியும் சமக்குறியும் சேர்ந்த "!=" என்பதை "≠" என்று ஒரே குறியாகக் காட்டும். திரையில் பார்க்க இதமாக இருக்கும், ஆனால் நூலில் அதைப் பார்க்கும் மாணவர் விசைப்பலகையில் அந்தக் குறியைத் தேடிக்கொண்டிருப்பார். இந்த வசதிகள் இரண்டையும் நிரலுக்கான பத்திப்பாணியில் அணைத்துவைக்கச் சொல்லுங்கள். நீளமான மாறிப் பெயரை வரி முனையில் உடைத்துச் சிறுகோடு போடும் வசதியையும் அணைக்க வேண்டும். அந்தச் சிறுகோடு கழித்தல் குறியாகிவிடும்.

ஒன்றும் எல்லும், பூஜ்யமும் ஓவும் தெளிவாக வேறுபடும் எழுத்துருவாகத் தேர்ந்தெடுங்கள். வண்ணப் பின்னணியில் வடிவமைத்த நிரலைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் மஞ்சள் நிறச் சரங்கள் (மேற்கோள்குறிக்குள் வரும் உரை) மங்கி மறைந்துபோகும். நிரலுக்குப் பின்னால் சாம்பல் பட்டை போட்டால் அது சிறு புள்ளிகளாகத்தான் அச்சாகும், மெல்லிய எழுத்தின் ஓரங்களையும் அரைப்புள்ளிகளையும் அந்தப் புள்ளிகள் தின்னும். இடப்பக்கம் ஒரு கோடு போட்டுக்காட்டினாலே போதும்.

இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகத் துரத்துவதை விட வேலை முறையை மாற்றுவது நல்லது. நிரலை நூலின் கோப்புக்குள் ஒட்டாதீர்கள். தனித்தனி நிரல் கோப்புகளாக வைத்து, அங்கிருந்தே நூலுக்குள் இழுத்துக்கொள்ளும்படி அமையுங்கள். நிரல் தரும் வெளியீடும் ஓட்டியவுடன் தானாகப் பதிவாக வேண்டும், கையால் தட்டக்கூடாது. மேலே சொன்ன சி மொழி நூலின் முன்னுரையில், எடுத்துக்காட்டுகள் அனைத்தும் நூலின் உரையிலிருந்தே நேரடியாகச் சோதிக்கப்பட்டவை என்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். 1978இலேயே அது முடிந்தது.

லேஅவுட் வேறொருவர் செய்கிறார், அப்படி இழுக்க வழியில்லை என்றால், அச்சகத்துக்குப் போகும் இறுதி பிடிஎஃப்பிலிருந்து உரையைப் பிரித்தெடுத்து, இடைவெளிகளை நீக்கிவிட்டு, மூல நிரலோடு கணினியை விட்டே ஒப்பிடுங்கள். வளைந்த மேற்கோளும் ஒட்டிய கோடும் அங்கேயே பிடிபடும். வரிகளின் உள்தள்ளலை மட்டும் இப்படிச் சோதிக்க முடியாது, ஏனென்றால் பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்து நிற்கும் இடத்தைத்தான் வைத்திருக்கும், முன்னாலிருந்த இடைவெளியை அல்ல. அதைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: நிரல்வரிகள் பக்கத்தை விட்டு வெளியே ஓடுகின்றன. எழுத்தளவைக் குறைப்பதா, வரியை உடைப்பதா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுத்துப் பரப்பின் அகலம் 4.5 அங்குலம் என்றால் 324 புள்ளி. கூரியர் போன்ற சம அகல எழுத்துருவில் ஒரு எழுத்து, தன் அளவில் 0.6 பங்கு இடம் பிடிக்கும். 9 புள்ளி எழுத்தென்றால் 5.4 புள்ளி. ஒரு வரியில் 60 எழுத்து. பைத்தான் நடைமுறையில் வரிக்கு 79 எழுத்து வரை அனுமதிக்கிறார்கள். அதை அந்த அகலத்தில் அடைக்க எழுத்தளவை 6.8 புள்ளிக்கு இறக்க வேண்டும். யாராலும் படிக்க முடியாது.

எனவே எழுத்தளவைத் தொடாதீர்கள், நிரலை 60 எழுத்துக்குள் திருத்தி எழுதுங்கள். நான்கு படி உள்ளே போன வரிக்கு 16 எழுத்து உள்தள்ளலுக்கே போய்விடும், மிச்சம் 44 தான். அங்கே நெருக்கடி வந்தால் ஒரு பகுதியைத் தனிச் செயற்கூறாகப் பிரியுங்கள், பெரும்பாலும் நிரலும் அதனால் தெளிவாகும். உடைத்தே ஆக வேண்டுமென்றால் அடைப்புக்குறிக்குள், காற்புள்ளிக்குப் பின் உடையுங்கள். பின்சாய்கோடு போட்டு உடைத்தால் அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி வந்தாலும் பைத்தான் பிழை காட்டும். முனையக் கட்டளைகளில் இன்னும் கவனம் வேண்டும். பாதி வரியைத் தட்டிவிட்டு என்டர் அழுத்துபவர்கள் உண்டு, அழிக்கும் கட்டளையில் அது நடந்தால் திரும்பப் பெற முடியாது.

முதல் அச்சில் இதைச் செய்யாமல் விட்டிருந்தால், மறுஅச்சில் பக்கம் தள்ளிப்போகும் அபாயம் உண்டு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: பிழைகளைத் திருத்தினால் பக்க எண்கள் மாறிவிடுமே, சொல்லடைவை மறுபடி செய்ய வேண்டுமே என்று வடிவமைப்பாளர் தயங்குகிறார். என்ன செய்வது?

அவருடைய தயக்கம் நியாயமானது. 212ஆம் பக்கத்தில் இரண்டு வரி கூடினால் அத்தியாயம் முடியும் வரை ஒவ்வொரு பக்கமும் நகரும். சொல்லடைவு, "பக்கம் 230 பார்க்க" போன்ற குறிப்புகள், வகுப்பறையில் ஆசிரியர் சொல்லும் பக்க எண் எல்லாம் பிசகும். பழைய அச்சும் புதிய அச்சும் ஒரே வகுப்பில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள்.

அதனால் மறுஅச்சுத் திருத்தத்தின் விதி, பக்கத்துக்குள்ளேயே முடிக்க வேண்டும் என்பது. இரண்டு வரி கூடினால் அதே பக்கத்தில் இரண்டு வரியைச் சுருக்குங்கள். அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் வெற்றிடம் இருந்தால் அங்கே தாராளமாக எழுதலாம். எங்குமே இடமில்லாத பெரிய விளக்கத்தை நூலின் முடிவில் இருக்கும் வெற்றுப் பக்கத்தில் பின்னிணைப்பாகப் போட்டு, உரிய பக்கத்தில் ஒரு சிறு குறி வையுங்கள். புத்தகம் 16 பக்க ஃபாரங்களாக அச்சாவதால் இறுதியில் இரண்டு மூன்று பக்கம் காலியாகக் கிடப்பது வழக்கம்.

பட்டியலை எப்படி வைத்திருப்பது என்பதில் கறாராக இருங்கள். பக்கம், வரி, இருப்பது, இருக்க வேண்டியது, எந்த அச்சில் கண்டது, எந்த அச்சில் திருத்தியது. இந்த ஆறு கட்டமும் நிரம்பாத எதையும் வடிவமைப்பாளருக்கு அனுப்ப வேண்டாம். நிரல் ஓடாமல் போகிற பிழை, தவறான வெளியீடு, பொருள் மாறும் வாக்கியம், எழுத்துப் பிழை என்ற வரிசையில் முன்னுரிமை கொடுங்கள். "இதை இன்னும் நன்றாக எழுதியிருக்கலாம்" என்ற ஆசையை அடுத்த பதிப்புக்கு ஒதுக்குங்கள், அவசரத்தில் நுழைக்கும் அழகான வாக்கியத்தில்தான் புதுப் பிழை வரும். திருத்திய பக்கங்களை மட்டுமல்ல, அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள பக்கங்களையும் மெய்ப்புப் பாருங்கள்.

பிழை சொல்பவரைக் கொண்டாடவும் வேண்டும். கணினி அறிவியலாளர் டொனால்ட் க்னூத் தன் நிரல்நெறிமுறைகள் பற்றிய தொகுதிகளில் முதலில் பிழை கண்டுபிடித்துச் சொல்பவருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். 256 சென்ட் என்பது பதினாறடிமான எண்முறையில் நூறு. அந்தக் காசோலையை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்தவர்களே அதிகம். 1977இல் இரண்டாம் தொகுதியின் புதிய பதிப்புக்கான அச்சுப்படிகள் தரம் குறைந்து வந்ததைப் பார்த்துத்தான் அவர் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளையே உருவாக்கப் புறப்பட்டார். நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பிழை சொன்னவர் சம்மதித்தால் இரண்டாம் அச்சின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயரைச் சேருங்கள்.

கேள்வி: தமிழில் நிரலாக்க நூல் வடிவமைக்கிறேன். தமிழ்ச் சரங்கள் வரும் எடுத்துக்காட்டுகளில்தான் அதிகப் புகார். ஏன்?

மூன்று இடங்களில் வழுக்கும். ஒன்று, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருக்களில் லேஅவுட் செய்வது. அச்சில் தமிழாகத் தெரியும், மின்னூலிலிருந்து நகலெடுத்தால் பொருளற்ற எழுத்துகள் வரும். நிரல் நூலுக்கு யூனிகோட் எழுத்துரு தவிர வேறு எதையும் தொடாதீர்கள்.

இரண்டு, எண்ணிக்கை. "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானில் கேட்டால் 5 என்று வரும், 3 அல்ல. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள். நாம் எண்ணும் எழுத்து மூன்று என்பதால் ஓட்டிப் பார்க்காமலேயே 3 என்று வெளியீடு எழுதிவிடுகிறார்கள். "கொ" என்பதற்கு ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், எகரக் குறியும் துணைக்காலுமாக இரண்டாகவும் தட்டலாம். அச்சில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் சமமில்லை. இயல்பாக்கம் செய்த பிறகே, அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும் என்பதை நூலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று, தமிழ் எழுத்துகளின் அகலம் வேறுபடுவதால் சம அகல எழுத்துருவுக்கு நடுவே வரும்போது நெடுவரிசைகள் கோணலாகும். அட்டவணை வெளியீடுகளில் தமிழை வலக்கடைசி நெடுவரிசையில் வையுங்கள், தொல்லை விட்டது.

கேள்வி: முதல் அச்சு நூல் இரண்டு மாதத்தில் பக்கம் பக்கமாகக் கழன்றுவிட்டது. மறுஅச்சில் என்ன கேட்க வேண்டும்?

நிரல் நூல் விசைப்பலகைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தே தேய்கிற பொருள். சாதாரணச் சூட்டுப் பசையால் ஒட்டிய முதுகு அதைத் தாங்காது, விறைத்து வெடிக்கும். பியுஆர் பசை கேளுங்கள், நன்றாக விரியும், பிடிப்பும் அதிகம். அது முழுதாக இறுக ஒரு நாளாவது ஆகும், அதற்குள் பெட்டியில் அடைத்து அனுப்பச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். தாங்குமென்றால் நூல் தைத்த பைண்டிங் எல்லாவற்றையும் விட மேல். தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும் என்பதையும் ஆர்டரில் எழுதுங்கள். குறுக்காக ஓடினால் பக்கங்கள் நெளியும், புத்தகம் திறந்து நிற்காது.

தாளை மாற்றினால் அட்டையையும் மாற்ற வேண்டும். 384 பக்கம் என்றால் 192 தாள். ஒரு தாள் 0.1 மில்லிமீட்டர் என்றால் முதுகு 19.2 மில்லிமீட்டர். 0.12 தடிமனுள்ள தாளுக்குப் போனால் 23. பழைய அட்டைக் கோப்பையே அனுப்பினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு பக்கவாட்டுக்கு நழுவிவிடும்.

கேள்வி: மறுஅச்சுக்குத் தயாராகும்போதே மொழியின் புதிய பதிப்பு வந்துவிட்டது. காத்திருந்து நூலைப் புதிய பதிப்பாகவே கொண்டுவரலாமா?

எது மாறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. பைத்தான் இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, வழக்கமாக அக்டோபரில் வருகிறது. ஜாவா 2018 முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொன்றுக்கும் நூலை மாற்றினால் எழுதி முடியாது. அடிப்படை இலக்கணம் சொல்லும் நூலுக்குச் சிறு வெளியீடுகளால் பெரும்பாலும் பாதிப்பில்லை. ஆனால் எல்லா நிரல்களையும் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யக்கூடாது. 2023இல் வந்த பைத்தான் 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற நெடுநாள் கூறு நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த எடுத்துக்காட்டுகள் இறக்குமதி வரியிலேயே நின்றுபோயின.

ஓட்டிப் பார்த்து ஐந்தாறு நிரல்கள் மட்டும் உடைந்தால் மறுஅச்சிலேயே திருத்துங்கள். ஒரு அத்தியாயத்தின் அணுகுமுறையே பழையதாகிவிட்டது என்றால் 300 பிரதி போல் குறைவாகப் பிஓடியில் அச்சிட்டு இடைவெளியை நிரப்பிக்கொண்டு புதிய பதிப்பை எழுதத் தொடங்குங்கள். பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில், பைத்தான் 2க்கான ஆதரவு முடிந்தது 2020 ஜனவரி 1இல். அந்தப் பதினோரு ஆண்டும் பழைய நூல்களைத் திருத்தாமல் மறுபடி மறுபடி அச்சிட்டதால், பிரிண்ட் சொல்லுக்குப் பின் அடைப்புக்குறி இல்லாத முதல் வரியிலேயே தோற்று ஒதுங்கிய மாணவர்கள் ஏராளம்.

எந்த முடிவானாலும், எந்த மொழிப் பதிப்பில், எந்த நூலகப் பதிப்புகளில் சோதித்தது என்பதை உரிமைப் பக்கத்தில் எழுதுங்கள். நூலின் நிரல்களை இணையத்தில் வைத்திருக்கும் களஞ்சியத்தில் முதல் அச்சுக்கு ஒரு அடையாளம், இரண்டாம் அச்சுக்கு ஒரு அடையாளம் என்று தனித்தனியே குத்திவையுங்கள். ஒரே கிளையைத் திருத்திக்கொண்டே போனால் முதல் அச்சு வைத்திருப்பவர் நூலில் ஒன்றும் இணையத்தில் வேறொன்றுமாகப் பார்த்துக் குழம்புவார்.

கேள்வி: ஒப்பந்தத்தில் மறுஅச்சு பற்றி என்ன இருக்க வேண்டும்?

மூன்று வரி இருந்தால் நல்லது. ஒவ்வொரு மறுஅச்சுக்கும் குறைந்தது 30 நாள் முன்பே ஆசிரியருக்குத் தெரிவித்துத் திருத்தங்களைப் பெற வேண்டும். ராயல்டி அச்சிட்ட எண்ணிக்கைக்கா விற்ற எண்ணிக்கைக்கா, திரும்பி வரும் பிரதிக்காக எவ்வளவு, எத்தனை மாதம் நிறுத்திவைக்கப்படும் என்பது தெளிவாக வேண்டும். மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நூல் அச்சில் இல்லாமல் போனால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்று பழைய ஒப்பந்தங்கள் சொல்லும். பிஓடி வந்தபிறகு எந்த நூலும் "அச்சில் இல்லை" என்ற நிலைக்கே போவதில்லை. அதனால் ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று ஒரு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் அச்சை வாங்கிய மறுவாரமே திருத்திய இரண்டாம் அச்சு வந்துவிட்டது. மறுபடி வாங்க வேண்டுமா?

வேண்டாம். பதிப்பகத்தின் பிழைப்பட்டியலை எடுத்து, நிரலைப் பாதிக்கும் திருத்தங்களை மட்டும் பென்சிலால் உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர வேலை. களஞ்சியத்தில் முதல் அச்சுக்கான அடையாளத்தைத் தேர்ந்து நிரல்களை இறக்குங்கள். பட்டியலே வெளியிடவில்லை என்றால் பதிப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத பிழை ஏதும் கண்ணில் பட்டால் பக்கம், வரி, எந்த அச்சு, உங்கள் கணினியில் உள்ள மொழிப் பதிப்பு, வந்த பிழைச் செய்தியின் முழு வாசகம் இவற்றோடு எழுதி அனுப்புங்கள். "ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது.